ரெண்டு காம்பராவுக்கு ஒரே மாதிரிப் பூட்டு: கஞ்சா மூலக்கூறுகள் பற்றிய கேள்வி பதில்

மருந்து இரசாயனம் என் துறை. இந்தக் கிழமை வந்த கேள்விகள்ல அஞ்சுக்கு இங்க பதில்.

ஹட்டன், உயர்தர மாணவி: கஞ்சா வலியைக் குறைக்கும்னா அதையே குடுக்கலாமே அக்கா? புதுசா ஏன் செய்யணும்?

கஞ்சாவுல போதை தர்ற டி.எச்.சி-யை மெக்கூலமும் கவோனியும் 1964-ல பிரிச்செடுத்தாங்க. அது உடம்புல ரெண்டு வாங்கிகள்ல (கலத்தோட மேல இருந்து சைகை வாங்குற புரதங்கள்ல) ஒட்டுது. 1990-ல இனங்கண்ட சி.பி.1 மூளையில நிறைய இருக்கு. கிறுகிறுப்பு, மறதி, பசி எல்லாம் அதோட வேலை. 1993-ல தெரிய வந்த சி.பி.2 பெரும்பாலும் நிர்ப்பீடனக் கலங்கள்லயும் மண்ணீரல்லயும் இருக்கு. போதை இல்லாம வீக்கத்தையும் வலியையும் மட்டும் அடக்கணும்னா சி.பி.2-ஐ மட்டும் தொடுற மூலக்கூறு வேணும்.

பேராதனை, மூணாம் வருஷ மாணவர்: ரெண்டும் அவ்வளவு ஒத்திருக்கே, எப்படிப் பிரிக்கிறது?

நல்ல கேள்வி தம்பி, கஷ்டமே அங்கதான். முழுப் புரதத்துல 44 சதவீத அமினோ அமிலங்கள் ஒண்ணு; மூலக்கூறு போய் உட்கார்ற மென்சவ்வுப் பகுதியில 68 சதவீதம். லயத்துல பக்கத்துப் பக்கத்துக் காம்பரா மாதிரி, கதவு ஒண்ணு, நாதாங்கி மட்டும் கொஞ்சம் வேற.

டி.எச்.சி-யோட பீனோல் ஐதரொட்சிலை, அதாவது பென்சீன் வளையத்துல இருக்கிற OH கூட்டத்தைப் பாருங்க. சி.பி.1-ல 192-ஆவது இடத்து லைசின்ங்கிற அமினோ அமிலம், இந்த மாதிரி மூலக்கூறுகளுக்கு முக்கியமான பிடி. சி.பி.2-லயும் நேர் இடத்துல ஒரு லைசின் உண்டு. ஆனா அதை மட்டும் மாத்தினா பிணைப்பு பெருசா அசையல. அப்போ ஐதரொட்சிலைக் கழட்டிட்டா? சி.பி.1-ல பிடி தளரும், சி.பி.2-ல அவ்வளவா தளராது. ஜே.டபிள்யூ.எச்-133-ங்கிற செயற்கை மூலக்கூறு அப்படி வந்ததுதான். பிணைப்பு மாறிலி சி.பி.2-ல 3.4 நனோமோலர், சி.பி.1-ல 677. எண் சின்னதா இருந்தா பிடி இறுக்கம், அதனால வித்தியாசம் ஏறக்குறைய 200 மடங்கு. எச்.யு-308-ங்கிற இன்னொரு மூலக்கூறுல ஐதரொட்சிலைக் கழட்டல, ஒரு மெதயில் கூட்டத்தை மாட்டி மெதொட்சியா மூடிட்டாங்க. ஒட்டுற இடத்தைக் கூட்டுறதை விட, வேண்டாத இடத்துல ஒட்டாமப் பண்றதுதான் எனக்கு அழகான வேலையாத் தோணுது.

மாத்தளை, மிளகுத் தோட்டக்காரர்: எங்க மிளகுலயும் இது இருக்காமே?

டி.எச்.சி இல்லீங்க ஐயா. மிளகு, கராம்பு ரெண்டுலயும் பீட்டா-கரியோபிலீன்னு ஒரு வாசனைப் பொருள் இருக்கு. கராம்போட பழைய தாவரவியல் பேர்லதான் அதுக்கே பேர். அது சி.பி.2-ல ஒட்டும், சி.பி.1-ல ஒட்டாதுன்னு 2008-ல காட்டினாங்க. ஐதரொட்சிலே இல்லாத வெறும் ஐதரோகாபன்! மேல சொன்ன கதைக்கு இயற்கையே தர்ற சாட்சி. அதுக்காக ரசத்தை மருந்துன்னு நினைச்சு டொக்டர் எழுதின துண்டைக் கிழிச்சுப் போடாதீங்க.

பதுளை, ஆசிரியர்: தெரிவு செஞ்சு ஒட்டினா பக்கவிளைவு இல்லைன்னு பிள்ளைகளுக்குச் சொல்லலாமா மிஸ்?

சொல்லாதீங்க சேர். ரிமோனபன்ட்ங்கிற மருந்து சி.பி.1-ஐ மட்டும் நல்லாத் தெரிஞ்செடுத்துத் தடுக்கும். எடை குறைக்க 2006-ல ஐரோப்பாவுல அனுமதி கிடைச்சுது. 2008-ல நிறுத்திட்டாங்க, மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் காரணம். வாங்கி சரிதான், ஆனா அது ஈரல், கொழுப்புல இருக்கிற மாதிரி மூளையிலயும் இருக்கு. அதனால இப்ப மூலக்கூறுல முனைவுள்ள (தண்ணியோட சேர்ற) கூட்டங்களைச் சேர்த்து, இரத்தத்துல இருந்து மூளைக்குள்ள போறதை மறிக்கிற குருதி-மூளைத் தடுப்பைத் தாண்ட விடாமப் பார்க்கிறாங்க.

தலவாக்கலை, உயர்தரம் முடிச்சவர்: இதுக்கு என்ன படிக்கணும்?

சேதன இரசாயனம், பிறகு கொஞ்சம் கணினி. சி.பி.1-ஓட பளிங்கு வடிவம் 2016-ல வந்தது, சி.பி.2 2019-ல. ரெண்டும் புரதத் தரவு வங்கியில இலவசம். ஒண்ணு மேல ஒண்ணு வச்சு, போன்லயே சுழற்றிப் பாருங்க. எங்க விலகுதுன்னு கண்ணுல பட்டா எனக்கு எழுதுங்க.