பவர் இல்லாத கண்ணாடி

கேள்வி: எங்கள் சபையில் மனநலம் பற்றி ஒரு கூட்டம் வைக்கலாமே என்று கமிட்டியில் கேட்டேன். "ஊளம்பாறைக்குப் போகவேண்டியவங்களுக்குச் சபையில என்ன கூட்டம்? விசுவாசம் உள்ளவனுக்கு டிப்ரஷன் வராது. யாருக்காவது அப்படி இருந்தா ஜெபக்குறிப்பு எழுதிக் கொடு" என்றார் மூத்த அங்கத்தினர் ஒருவர். சபைகள் மனநலக் கல்வி கொடுக்க வேண்டுமா, வேண்டாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மார்த்தாண்டம்

பதில்: பெயர் வெளியிட விரும்பவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது. மீதி 'ஜெபக்குறிப்பு' என்ற சொல்லில் இருக்கிறது. அந்தச் சொல்லைப் பார்த்ததும் என் பேனா அங்கேயே நின்றுவிட்டது.

ஆராதனையில் எல்லாரும் ஜெபிக்கும்படி எழுதிக் கொடுத்து, சபை நடுவே வாசிக்கப்படும் சீட்டுதான் ஜெபக்குறிப்பு. அது ஒரு தனி இலக்கிய வகை. இலக்கணம் தெரிந்தவர்களுக்குத்தான் பொருள் விளங்கும். 'மகனின் வேலைக்காக' என்றால் பையன் பி.இ. முடித்து மூன்று வருடமாக வீட்டில் இருக்கிறான். 'குடும்ப சமாதானத்துக்காக' என்றால் மருமகள் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். 'பிரயாணத்துக்காக' என்றால் வளைகுடா விசா வந்துவிட்டது. இது விளம்பரம், ஜெபக்குறிப்புக் கணக்கில் வராது. எல்லாவற்றிலும் அபாயமானது 'ஒரு விசேஷித்த தேவைக்காக'. அதை வாசித்ததும் சபை முழுக்கக் கண்ணை மூடி யோசிக்கத் தொடங்கும். ஆசீர்வாதம் முடிந்து செருப்பைத் தேடி மாட்டுவதற்குள் தேவை யாருக்கு, எந்த டாக்டர், நாளைக்கு எத்தனை மாத்திரை என்பது வரை வெளியே வந்துவிடும். கல்யாண புரோக்கர்களும் நம்மோடுதான் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் ஜெபத்தில் கண்ணையே மூடுவதில்லை.

உங்கள் மூத்த அங்கத்தினருக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். திருவனந்தபுரத்து மனநல ஆஸ்பத்திரி இருக்கும் ஊளம்பாறையைச் சொன்னதை வைத்துத்தான் சொல்கிறேன். 1956 நவம்பர் 1 வரை நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்குத் தலைநகரம் திருவனந்தபுரம். கோட்டி, கிறுக்கு, வட்டு எது பிடித்தாலும் வண்டி ஊளம்பாறைக்குத்தான். தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகு சினிமா புண்ணியத்தில் கீழ்ப்பாக்கமும் கிடைத்தது. திட்டுவதற்கு இரண்டு ஆஸ்பத்திரி வைத்திருக்கும் மாவட்டம் தமிழ்நாட்டில் வேறு உண்டா? தேவிகுளம், பீர்மேடு, நெய்யாற்றின்கரை கைவிட்டுப் போயிற்றே என்று இன்றைக்கும் எனக்குக் கடிதம் எழுதுகிறவர்கள் இந்த லாபத்தைக் கணக்கில் எடுப்பதே இல்லை. ஊளம்பாறை என்பது ஓர் இடத்தின் பெயர், அங்கே ஆட்கள் வீடு கட்டிக் குடியிருக்கிறார்கள். பெண் பார்க்க வந்தவர்களிடம் விலாசம் சொல்லும்போது அவர்கள் என்ன பாடுபடுவார்களோ!

என் சித்தி அங்கே போனவள்.

1979. இரண்டாவது பிரசவம் முடிந்து ஒரு மாதம். தூக்கம் போயிற்று. குழந்தை அழுதால் தூக்க மாட்டாள். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். பிரசவத்துக்குப் பின் சில பெண்களுக்கு வருகிற கடுமையான மனச்சோர்வு அது, மருந்துக்குக் கேட்கும். இன்றைக்கு நம் மகளிர் பக்கத்திலேயே எழுதுகிறார்கள். அன்று ஆச்சிக்குத் தெரிந்தது ஒரு துண்டுச்சீட்டு. 'மன சமாதானம் கிடைக்க' என்று மட்டும்தான் எழுதிக் கொடுத்தாள். வாசித்தவர் தம் பங்குக்குப் 'பிசாசின் கட்டுகள் அறுபட' என்று சேர்த்துக்கொண்டார். மறுநாள் முதல் குழாயடியில் சித்தி குடம் வைத்தால் முன்னும் பின்னும் இடம் விட்டார்கள்.

சித்தப்பா ராத்திரியோடு ராத்திரியாக அவளைத் திருவனந்தபுரம் கூட்டிப்போனார். ஊரில் சொன்னது 'கண் ஆஸ்பத்திரி'. நாலைந்து மாதத்தில் சித்தி தேறிவிட்டாள், குழந்தையும் அவள் மடிக்கு வந்துவிட்டது. ஆனால் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒருத்தி மாற்றி ஒருத்தி, "கண்ணு இப்ப எப்பிடி இருக்கு பிள்ளே?" சொன்ன பொய்க்கு ஆதாரம் வேண்டுமே? வடசேரியில் பவர் இல்லாத ஒரு கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டாள். பிறகு கழற்றவே இல்லை. கடைசிக் காலத்தில் நிஜமாகவே பார்வை மங்கியபோது பிள்ளைகள் புதுக் கண்ணாடி வாங்கிக் கொடுத்தார்கள். "இது பழகிப் போச்சு மக்கா" என்று அதைப் பெட்டிக்குள் வைத்துவிட்டாள்.

அதனால்தான் சொல்கிறேன், உங்கள் கூட்டத்தில் முதல் பாடம் மனநலம் வேண்டாம். வாயை மூடிக்கொண்டிருப்பது எப்படி என்பதை நடத்துங்கள். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, நோயாளியின் விவரங்களை ரகசியமாக வைத்திருக்கும்படி மருத்துவத் துறையினரைக் கட்டுப்படுத்துகிறது. சபைக் கமிட்டியைக் கட்டுப்படுத்தச் சட்டம் இல்லை. இருந்தாலும் பலன் இருக்குமென்று எனக்கு நம்பிக்கை இல்லை.

விசுவாசம் உள்ளவனுக்கு வராது என்றாரே, அவரிடம் 'சுகருக்கு மட்டும் மாத்திரை போடுகிறீர்களே' என்ற பழைய உவமையை எடுக்காதீர்கள். ரோஷம் வந்து அதையும் நிறுத்திவிட்டால் பாவம் உங்களுக்கு. நெய்யூருக்குக் கூட்டிப்போங்கள். 1838-இல் லண்டன் மிஷன் டாக்டர் ராம்சே அங்கே வைத்தியம் தொடங்கினார். 1922 எவரெஸ்ட் பயணம் முடிந்து இந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்த ஆங்கிலேய சர்ஜன் சாமர்வெல், அந்த நெய்யூர் ஆஸ்பத்திரியில் காத்துக்கிடந்த கூட்டத்தையும் அத்தனை பேருக்கும் ஒரே ஒரு சர்ஜன் இருந்ததையும் பார்த்தார். லண்டன் வேலையை உதறிவிட்டு இங்கே வந்துவிட்டார். 1924-இல் மறுபடி எவரெஸ்டுக்குப் போய் ஆக்சிஜன் இல்லாமல் ஏறத்தாழ 28,000 அடி ஏறிய மனிதர், இறங்கி வந்து நம் தாத்தாக்களின் வயிற்றுப்புண்ணுக்குக் கத்தி வைத்தார். 'விசுவாசம் உள்ளவனுக்கு வயிற்றுப்புண் வராது' என்று எந்தத் தாத்தாவும் கட்டிலைவிட்டு எழுந்து ஓடியதாகக் கேள்விப்பட்டதில்லை. ஜெபம் பண்ணினார்கள், பிறகு வெட்டினார்கள், பிறகு தையல் பிரித்தார்கள். சாமர்வெல் பிற்காலத்தில் சொல்லிக்கொடுக்கப் போன வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் (சி.எம்.சி.) 1957-லேயே மனநல மையம் வந்துவிட்டது. நோயாளியோடு வீட்டார் ஒருவரும் தங்குவது அங்கே வழக்கம். ஆக, மிஷன் காரர்களுக்குக் கழுத்துக்கு மேலே வருகிற நோயும் நோயாகத்தான் தெரிந்திருக்கிறது. அந்தச் செய்தி மார்த்தாண்டம் வந்து சேரப் பஸ் கிடைக்கவில்லை போலும்.

கர்த்தர் செய்த நன்மையை ஆராதனையில் எழுந்து சொல்லும் சாட்சி நேரத்தைப் பற்றியும் எனக்கு ஒரு பழைய வழக்கு உண்டு. "மாத்திரைய எல்லாம் தூக்கிப் போட்டுட்டேன், கர்த்தர் சுகம் தந்தார்" என்று ஒருவர் மைக்கில் சொல்வார். சபை அல்லேலூயா சொல்லும். மனச்சோர்வுக்கான மாத்திரை வேலைசெய்யத் தொடங்கவே இரண்டு, மூன்று வாரம் பிடிக்கும். தேறிய பிறகும் மாதக்கணக்கில் தொடர வேண்டியிருக்கும். திடீரென்று நிறுத்தினால் உடம்பு திருப்பி அடிக்கும். ஆறு மாதம் கழித்து அந்த மனிதர் மறுபடி விழுந்து கிடக்கும்போது யாரும் மைக் கொண்டுபோய்க் கொடுப்பதில்லை. கர்த்தர் தந்த சுகத்தில் டாக்டருக்குப் பங்கே இருக்கக் கூடாதா? கர்த்தருக்கு ஆட்சேபணை இருப்பதாகத் தெரியவில்லை. சுவிசேஷம் எழுதிய லூக்காவே வைத்தியர்தானே.

சபையால் ஆகாது என்று சொல்ல மாட்டேன். 2017 நவம்பர் 30, ஒக்கி புயல். கடலுக்குப் போனவர்கள் யார், திரும்பாதவர்கள் யார் என்று தூத்தூர்ப் பக்கம் வீடுவாரியாக விவரம் திரட்டி வைத்திருந்தவர்கள் பங்குத்தந்தையர்கள். உடலே கிடைக்காமல் துக்கம் காத்த அந்த வீடுகளுக்கு இரண்டாம் வருடம், மூன்றாம் வருடம் போய் உட்கார அன்பியத்துப் பெண்களை, அதாவது பங்கில் அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்த ஜெபக் குழுவின் பெண்களை, விட்டால் வேறு ஆள் ஏது? கதவைத் தட்டாமல் உள்ளே போகும் உரிமை சபைக்கு மட்டும்தான் இருக்கிறது. எதைக் கேட்டுக்கொண்டு வெளியே வருகிறோம், அதை எங்கே கொண்டுபோய் இறக்குகிறோம் என்பதில்தான் தகராறு.

திருச்சபைகள் மாறாது என்றும் நினைக்க வேண்டாம். தெரிந்தே தற்கொலை செய்துகொண்டவர்களுக்குத் திருச்சபை அடக்கம் கிடையாது என்றது 1917-ஆம் ஆண்டின் கத்தோலிக்கச் சட்டத் தொகுப்பு. 1983-இல் வந்த புதுத் தொகுப்பில் அந்தத் தடை இல்லை. அறுபத்தாறு வருடம். நம் கமிட்டிகளின் வேகத்துக்கு அது எக்ஸ்பிரஸ்.

(கோபுரம் கட்டும் செலவைப் பற்றி இந்த இடத்தில் ஒரு பத்தி வந்திருக்க வேண்டும். போன முறை எழுதியதில் சந்தா குறைந்துவிட்டது என்று மேனேஜர் கையெடுத்துக் கும்பிடுகிறார். விட்டுவிட்டேன்.)

வேத வசனம் கேட்டார்கள் என்றால் எலியா தீர்க்கதரிசியைக் காட்டுங்கள். கர்மேலில் அக்கினியை இறக்கிய ஆள், அடுத்த அதிகாரத்திலேயே சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து "போதும் கர்த்தாவே" என்று சாவைக் கேட்கிறான். விசுவாசக் குறைவு என்று அவனைச் சொல்ல உங்கள் அங்கத்தினருக்குத் தைரியம் உண்டா? தேவதூதன் வந்து என்ன செய்தான்? தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். தழலில் சுட்ட அடையும் தண்ணீரும். சாப்பிட்டுவிட்டு எலியா மறுபடி படுத்துக்கொண்டான், தூதன் திட்டவில்லை. இன்னொரு தரம் எழுப்பி இன்னொரு தரம் சாப்பிட வைத்தான். போய் எவரிடமும் சொன்னதாக வேதத்தில் இல்லை.

அந்த அடை எந்த அடை என்பதில் எனக்கும் குழித்துறை வாசகர் ஒருவருக்கும் பழைய தகராறு. தழலில் சுட்டது என்றிருப்பதால் நம்மூர் ஓட்டடைக்குச் சொந்தம் என்கிறேன் நான். இலையில் பொதிந்த அடைதான் என்று அவர் மூன்று கடிதம் எழுதிவிட்டார். இலை அடையை அவிப்பார்கள் ஐயா, சுட மாட்டார்கள்.

கூட்டம் வையுங்கள். சென்னையிலிருந்து பேச்சாளர், பொன்னாடை, நினைவுப் பரிசு எதுவும் வேண்டாம். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியில் மனநலப் பிரிவு இருக்கிறது, அங்கே ஓ.பி. சீட்டு எடுக்கக் கூடவே போய் வரிசையில் நிற்க நாலு பேர் பெயர் கொடுத்தால் போதும். 14416 என்ற டெலி மானஸ் எண்ணை, அதாவது அரசின் மனநல உதவித் தொலைபேசி எண்ணை, ஆலய அறிவிப்புப் பலகையில் பெரிதாக எழுதிப் போடுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கும் எடுப்பார்கள், தமிழில் பேசுவார்கள், காசு கிடையாது. ஜெபக்குறிப்புப் பெட்டியும் இருக்கட்டும். பூட்டி, சாவியைப் போதகரிடம் மட்டும் கொடுங்கள்.

குழித்துறைக்காரரிடமிருந்து நான்காவது கடிதம் இந்நேரம் தபாலில் ஏறியிருக்கும். வெளியிடுவதாக இல்லை.