தூண்டில் கேள்வி – பதில்: ஸ்கல்பின் மீன் மிதக்காது, தரையில் கிடக்கும்

கேள்வி: கனடாவில் சுப்பீரியர் ஏரியின் நிப்பிகன் விரிகுடாவில் புரூக் டிரவுட் மீனுக்காக மட்லர் மின்னோ என்ற ஃப்ளையை (முடி, இறகு கொண்டு முள்ளில் கட்டிய செயற்கை இரை) வீசுகிறேன். மிதக்கும் லைன், 9 அடி லீடர் (லைனையும் ஃப்ளையையும் இணைக்கும் மெல்லிய இழை). மூன்று நாளாகியும் ஒரு கொத்துகூட இல்லை. ஃப்ளை சரியில்லையா? (வாசகர், தண்டர் பே)

பதில்: ஃப்ளையில் குறையில்லை, அது ஓடும் ஆழம்தான் குறை. மட்லர் மின்னோ உங்கள் பக்கத்து ஃப்ளைதான். 1930களில் டான் கேப்பன் நிப்பிகன் ஆற்றின் புரூக் டிரவுட்டுக்காக, அங்குள்ள ஸ்கல்பின் என்ற சிறு தரைமீனைப் பார்த்துக் கட்டியது. ஆனால் அதன் தலை மான் முடி. ஒவ்வொரு முடிக்குள்ளும் காற்று அடைபட்டிருப்பதால் தலை மிதக்கும். மிதக்கும் லைனும் சேர்ந்தால் ஃப்ளை மேல்நீரிலேயே ஓடும்.

ஸ்கல்பினுக்குக் காற்றுப்பை கிடையாது. நம் ஊர் உளுவை மாதிரி அகன்ற தலையோடு கற்களுக்கு நடுவே தரையில் ஒட்டிக் கிடக்கும். பயந்தால் ஒரு முழம் பாய்ந்து மறுபடி தரையில் விழும். அதைத் தேடும் டிரவுட்டின் கண் கல்லின் மேல்தான் இருக்கும்.

ஆகவே ஃப்ளையை வைத்துக்கொண்டு லைனை மாற்றுங்கள். 6 அல்லது 7 எண் ராடுக்கு (தூண்டில் கோல்) மூன்றாம் வகை (Type 3) மூழ்கும் லைன் போதும். அது வினாடிக்குச் சுமார் 3 அங்குலம் இறங்கும், அதாவது 10 அடி ஆழத்துக்கு 40 வினாடி. வீசியதும் எண்ணத் தொடங்குங்கள். முதல் வீச்சில் 20 வரை, அடுத்ததில் 25, பிறகு 30. ஃப்ளை கல்லைத் தொட்டாலோ பாசியோடு வந்தாலோ, அந்த எண்ணிலிருந்து மூன்றைக் குறைத்து அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

லீடராக 10 அல்லது 12 பவுண்டு ஃப்ளூரோகார்பன் தங்கூஸ் 4 அடி போதும். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். லீடர் 9 அடி இருந்தால் லைன் தரைக்குப் போனாலும் ஃப்ளை பின்னால் மேலே தூக்கி நிற்கும். 4 அடியில் அதே மான்முடித் தலை நன்மையாகிவிடும்: லைன் தரையில் படிய, ஃப்ளை கற்களுக்குச் சற்று மேலே நிற்கும், இடுக்கில் சிக்குவதும் குறையும்.

கேள்வி: தட்டுவது கையில் தெரிகிறது, ராடைத் தூக்கினால் மீன் இல்லை. ஏன்?

பதில்: தூக்குவதால்தான். ராடைத் தூக்கும்போது முதலில் நிமிர்வது தண்ணீரில் தொய்ந்திருக்கும் லைன். முள்ளுக்கு இழுப்பு போய்ச் சேர்வதற்குள் மீன் துப்பிவிடும், ஃப்ளையும் அதன் பார்வையைவிட்டு மேலே எழும்பிவிடும். ராட் நுனியைத் தண்ணீரைத் தொடும்படி தாழ்த்தி, லைனுக்கு நேராக வையுங்கள். தட்டியதும் இடக்கையால் லைனை ஓர் அடி நீளம் சுண்டுங்கள். கனம் தெரிந்த பிறகுதான் ராட் மேலே வர வேண்டும். தவறிப்போனாலும் ஃப்ளை அங்கேயே கிடக்கும். அடிபட்ட இரை என்று மீன் திரும்பி வந்து எடுக்கும்.

இழுக்கும் விதம்: நான்கு அங்குலமாக இரண்டு மூன்று சுண்டல், பிறகு மூன்று வினாடி நிறுத்தம். பாய்ந்த ஸ்கல்பின் தரையில் விழுந்து நிற்பதைத்தான் அந்த நிறுத்தம் காட்டும். பெரும்பாலான கொத்து அப்போதுதான் வரும், ஆகவே அந்த நேரத்தில் லைனைத் தளர விடாதீர்கள். மீன் ஃப்ளையின் வாலை மட்டும் கடித்துவிட்டுப் போனால் வால் நீளம் அதிகம். முள் வளைவுக்குப் பின்னால் 2 செ.மீ.க்கு மேல் வேண்டாம்.

கேள்வி: கம்பளித் தலை வைத்த ஸ்கல்பின் ஃப்ளை கட்டினேன். தண்ணீரில் பக்கவாட்டில் சாய்கிறது.

பதில்: தலையின் அடிப்பக்கத்தை நீங்கள் வெட்டியிருக்க மாட்டீர்கள். கம்பளியை மேலும் கீழுமாக மாற்றி மாற்றி மூன்று நான்கு கொத்து கட்டிய பிறகு, அடியைத் தட்டையாக, தண்டோடு ஒட்ட வெட்டிவிட வேண்டும். மேலே தாழ்ந்த குவிவு. அகலம் உயரத்தைப்போல் இருமடங்கு. அடியில் கம்பளி மிஞ்சினால் ஃப்ளை உருளும், முள்ளின் வாயும் அடைபட்டு மீன் மாட்டாது.

4ஆம் எண் நீளத் தண்டு முள்ளில் 0.6 மி.மீ. ஈயக் கம்பி 15 சுற்று, அதன்மேல் ஆலிவ் நிற முயல் தோல் பட்டை. தலை கட்டுவதற்காக, தண்டின் முன்பக்கம் மூன்றில் ஒரு பங்கு வெறுமையாக இருக்கட்டும். இதை மறந்தால் தலை குறுகி, ஸ்கல்பின் சாதாரண மீன்குஞ்சாகிவிடும். இரண்டு பெட்டைக்கோழி இறகுகளைப் பக்கத்துக்கு ஒன்றாக வெளிநோக்கி விரித்துக் கட்டினால் மார்புத் துடுப்பு. காய்ந்த கம்பளி முதல் வீச்சில் மிதக்கும். வீசுமுன் ஏரித் தண்ணீரில் நன்றாகப் பிழிந்து நனையுங்கள்.

கேள்வி: ஏரி கடல்போல் கிடக்கிறது. எங்கே வீசுவது, எப்போது?

பதில்: கரையை விட்டு வெகுதூரம் போக வேண்டாம். சுப்பீரியரின் புரூக் டிரவுட் கரையோர ஆழமில்லாத நீரை விட்டு அதிகம் விலகாது. தேங்காயளவு கற்கள் கிடக்கும் அடிநிலம் மணலாக மாறும் விளிம்பைத் தேடி, கரைக்கு இணையாக வீசுங்கள். ஏரியை நோக்கி வீசினால் நல்ல ஆழத்தில் ஃப்ளை சில அடிதான் ஓடும். பனி உருகிய பின் வரும் வாரங்களும், கோடையில் வெளிச்சம் மங்கும் நேரமும் நல்லவை.

கேள்வி: பிடித்ததை வைத்துக்கொள்ளலாமா?

பதில்: ஒன்டாரியோ பக்கத்துச் சுப்பீரியரில் புரூக் டிரவுட் ஒன்றுதான், அதுவும் 56 செ.மீ.க்கு மேல் இருந்தால் மட்டும். திறந்திருக்கும் பருவத்தை இந்த ஆண்டு விதிநூலில் பார்த்துவிட்டுப் போங்கள். பெரும்பாலானவற்றைத் திருப்பி விடத்தான் வேண்டியிருக்கும் என்பதால், வீட்டிலேயே இடுக்கியால் முள்ளின் எதிர்முள்ளை (நுனிக்குச் சற்றுக் கீழே பின்னோக்கி நிற்கும் சிறு கூர்) நசுக்கிவிடுங்கள். அளவு பார்க்கும்போதும் மீன் வலைக்குள், தண்ணீரிலேயே இருக்கட்டும்.