பெற்றோல் பம்பை டீசலுக்கு மாற்றலாமா?

கேள்வி: மரக்கறித் தோட்டத்துக்கு நீர் இறைக்கும் எங்கள் பெற்றோல் பம்புக்கு எரிபொருள் ஊற்றிக் கட்டுப்படியாகவில்லை. தீப்பொறி தரும் பிளக்கைக் கழற்றிவிட்டு, அவ்விடத்தில் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரைப் பொருத்தித் தருவதாக லேத் பட்டறைக்காரர் ஒருவர் சொல்கிறார். செய்யலாமா?
– வாசகர் ஒருவர், கந்தப்பளை

பதில்: தயவுசெய்து வேண்டாம். 2022ஆம் ஆண்டில் எரிபொருள் வரிசைகளில் நின்ற எவருக்கும் இந்த எண்ணம் தோன்றுவது இயல்பே. ஆனால் பிளக்கை மாற்றுவது இதில் மிகச் சிறிய வேலை.

டீசல் இயந்திரத்தில் தீப்பொறி கிடையாது. நெருக்கப்பட்ட காற்றின் சூட்டிலேயே எரிபொருள் தானாகப் பற்றிக்கொள்ள வேண்டும். உங்கள் பம்ப் 160 சிசி கொண்டதாயின், அது காற்றை எட்டரை மடங்கு அளவுக்கே நெருக்கும். பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது அதன்மேல் சுமார் 21 சிசி இடம் மிஞ்சியிருக்கும். டீசலுக்குத் தேவையான 20 மடங்கை எட்ட, அந்த இடம் 8 சிசி அளவுக்குச் சுருங்க வேண்டும். சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டை அவ்வளவு இழைத்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதும். கந்தப்பளையோ 1,800 மீற்றருக்கு மேலுள்ள ஊர். அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் உள்ளதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்குதான் என்பதால், குளிர்ந்த காலை வேளையில் இயந்திரத்தைக் கிளப்புவதே பெரும்பாடாகிவிடும்.

எப்படியோ கிளம்பிவிட்டாலும், எனக்கு அதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. சிலிண்டருக்குள் எழும் அழுத்தம் பெற்றோலில் இருந்ததைப் போல் இரு மடங்காகலாம். இத்தகைய சிறு இயந்திரங்கள் பலவற்றில் பிஸ்டனைத் தாங்கும் கொனெக்டிங் ரொட் அலுமினியத்தால் ஆனது. அது முறிந்தால் உறையையே உடைத்துக்கொண்டு வெளியே வரும், அருகில் நிற்பவர் நீங்கள். அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மொபைல் நிறுவனம் 1978இல் கொண்டுவந்த டீசல் கார் இயந்திரத்தின் உடலைப் பலப்படுத்தியிருந்தும், பெற்றோல் இயந்திரத்தின் ஹெட் போல்ட் அமைப்பையே வைத்துக்கொண்டதால், ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் கேஸ்கட்டின் பழுதுகளால் அது கெட்ட பெயர் எடுத்தது.

இன்ஜெக்டரும் எளிதானதன்று. ஒரு சொட்டிலும் குறைந்த டீசலை, வினாடிக்கு 25 தடவை, வளிமண்டல அழுத்தத்தைப் போல் சுமார் 200 மடங்கு அழுத்தத்தில், நேரம் பிசகாமல் பீய்ச்சும் பம்ப் அதற்கு வேண்டும். மண்ணெண்ணெய்ப் பம்புகளைப் பார்த்து இந்த யோசனை பிறந்திருக்கலாம். அவை பெற்றோலில் கிளம்பி, தீப்பொறியிலேயே ஓடுபவை.

காற்றால் குளிரூட்டப்படும் சிறிய டீசல் இயந்திரமொன்றை வாங்கி, நீரிறைக்கும் பகுதியை அதனுடன் இணைப்பதே சரியான வழி. தண்டின் விட்டம், சுழலும் திசை, போல்ட் துளைகள் ஆகிய மூன்றும் பொருந்துகின்றனவா என்று வாங்குமுன் அளந்து பாருங்கள். பெற்றோல் இயந்திரம் சுமார் 15 கிலோ என்றால் இது 25 கிலோவுக்கும் மேலிருக்கும்; சரிவில் ஓடை வரை இறக்கி ஏற்ற இன்னொருவர் துணை தேவைப்படும்.