வெள்ளை சைக்கிள் நிற்கும் முனைகள்: கேள்வி பதில்

லண்டனில் நெடுங்காலமாகச் சைக்கிளில் வேலைக்குச் சென்றுவரும் ஒருவரிடம், சைக்கிளில் சென்றவர் வண்டி மோதி இறந்த இடத்தில் நினைவுச்சின்னமாக நிறுத்தப்படும் சாலையோர வெள்ளை சைக்கிள்களைப் பற்றி வாசகர்கள் கேட்டவையும் அவர் அளித்த பதில்களும்.

கேள்வி: இவ்வழக்கம் எங்கே தொடங்கியது?

பதில்: அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில், 2003ஆம் ஆண்டில். சைக்கிள் தடத்தில் சென்றவர்மீது கார் மோதியதை நேரில் கண்ட பேட்ரிக் வான் டெர் டியூன், ஒரு சைக்கிளுக்கு முழுவதும் வெள்ளைச் சாயம் பூசி, ‘சைக்கிளில் சென்றவர் இங்கே மோதப்பட்டார்’ என்னும் பலகையுடன் அதே இடத்தில் நிறுத்தினார். வண்டியோட்டிகளிடம் அது ஏற்படுத்திய தாக்கத்தைக் கண்டபின், நண்பர்களுடன் நகரின் வேறு பல இடங்களிலும் நிறுத்தினார். 2005இல் நியூயார்க்கிலும் லண்டனிலும் இவை தோன்றின. பலகையிலிருந்த சொல் ‘இறந்தார்’ அன்று, ‘மோதப்பட்டார்’ என்பதைக் கவனியுங்கள்.

கேள்வி: ஆம்ஸ்டர்டாமின் வெள்ளை சைக்கிள்களுக்கும் இதற்கும் தொடர்புண்டா?

பதில்: இல்லை. 1965இல் அங்கே ப்ரோவோ என்னும் இளைஞர் எதிர்ப்பியக்கத்தார் சைக்கிள்களுக்கு வெள்ளை பூசியது, யாரும் எடுத்து ஓட்டுவதற்காக.

கேள்வி: நம் நடுகல்லோடு ஒப்பிடலாமா?

பதில்: ஓரளவே. நடுகல் வீரனையும் அவன் செயலையும் போற்றுகிறது. வெள்ளை சைக்கிள் தான் நிற்கும் சாலை முனையைக் குற்றம் சாட்டுகிறது.

கேள்வி: லண்டனில் எதற்கு அதிகம் அஞ்ச வேண்டும்?

பதில்: இடப்பக்கம் திரும்பும் லாரிக்கு. 2015 முதல் 2017 வரை அங்கே சைக்கிளில் சென்றோர் உயிரிழந்த மோதல்களில் 63 விழுக்காட்டில் கனரக லாரிகள் சம்பந்தப்பட்டிருந்தன. நகரில் வண்டிகள் ஓடிய மொத்தத் தொலைவில் அவற்றின் பங்கோ வெறும் 4 விழுக்காடு. ஓட்டுநர் உயரத்தில் அமர்ந்திருப்பதால் இடப்பக்க ஜன்னலுக்குக் கீழே நிற்பவர் அவர் கண்ணில் படுவதில்லை. லாரி திரும்பும்போது பின்சக்கரங்கள் முன்சக்கரங்களின் தடத்தைவிட உள்ளொடுங்கி வருவதால், நடைபாதை விளிம்புக்கும் லாரிக்கும் இடையே அகப்பட்டவருக்கு ஒதுங்க இடமிராது. ஓட்டுநரின் நேரடிப் பார்வையை அளந்து 12 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளுக்கு நட்சத்திரத் தரமதிப்பு வழங்கும் விதி 2021 மார்ச்சில் நடைமுறைக்கு வந்து, 2024 அக்டோபரில் கடுமையாக்கப்பட்டது. இருந்தாலும், நிற்கும் லாரியின் இடப்புறம் நுழையாதீர்கள்.

கேள்வி: தலைக்கவசம் அணிந்தால் போதாதா?

பதில்: அணியுங்கள். ஆனால் ஐரோப்பியத் தரச் சோதனையில் அது மோதவிடப்படும் வேகம் மணிக்குச் சுமார் 20 கிலோமீட்டர்தான். லாரிச் சக்கரத்தின் எடையைத் தாங்குவது அதன் வேலையன்று.

கேள்வி: தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கினால்?

பதில்: முந்தைய பதிலைப் பாருங்கள்.

கேள்வி: இந்த நினைவுச்சின்னங்கள் மக்களை அச்சுறுத்திச் சைக்கிளையே கைவிடச் செய்கின்றன. அகற்றுவதே நல்லது.

பதில்: அச்சுறுத்துகின்றன என்பதை மறுக்கவில்லை, மழைக்கால மாலைகளில் என்னையும் அச்சுறுத்தியிருக்கின்றன. ஆனால் சைக்கிளை அகற்றினால் முனை மாறிவிடாது.

கேள்வி: துக்கத்தை நடுத்தெருவில் வைத்து யார் என்ன சாதித்தார்கள்?

பதில்: நெதர்லாந்து சாதித்தது. 1971இல் அந்நாட்டுச் சாலைகளில் சுமார் 3,300 பேர் இறந்தனர். அவர்களில் 400க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். ‘குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்’ என்ற பெயரிலேயே ஓர் இயக்கம் எழுந்து, பெற்றோர் தெருவை மறித்தனர். எண்ணெய் நெருக்கடியும் உடன்சேர, அரசு தனிச் சைக்கிள் பாதைகளுக்குப் பணம் ஒதுக்கத் தொடங்கியது. மரணத்தைக் கண்ணுக்கு மறைத்திருந்தால் அது நடந்திருக்குமா?

கேள்வி: சிக்னலில் கோட்டுக்கு முன்னால் சைக்கிளுக்கென்றே கட்டம் வரைந்திருக்கிறார்களே, இடப்புறமாகச் சென்று அங்கே நிற்கலாமல்லவா?

பதில்: வரைந்திருக்கிறார்கள்தான். பல முனைகளில் அக்கட்டத்துக்குச் செல்லும் தடமே, நிற்கும் வண்டிகளின் இடப்புறமாகப் போகிறது. நான் முனையைக் குறைசொல்வது இதனால்தான். முன்னால் லாரி நின்றால் அதன் பின்னாலேயே நில்லுங்கள்.