பஸ் பாஸும் ஒரு போன் அழைப்பும்

அன்புள்ள சார்,

இரண்டு வருடப் படிப்பு தரும் கம்யூனிட்டி காலேஜில் நர்சிங் சேரும் கறுப்பின மாணவிகள் பலர் பாதியில் நின்றுவிடுவதாகவும், அவர்களுக்குப் படிப்பில் அக்கறை இல்லை என்றும் என்னோடு வேலை பார்ப்பவர் சொல்கிறார். நீங்கள் அப்படி ஒரு கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். அவர்களைத் தொடர்ந்து படிக்க வைப்பது எது?
எஸ்., டாலஸ்

அன்புள்ள எஸ்.,

அக்கறை இல்லாதவர் விடியற்காலையில் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு வார்டில் வந்து நிற்கமாட்டார். நான் மாலையில் மருந்தளவுக் கணக்குக்கு உதவிக்கொண்டிருந்தவன், அவ்வளவுதான். 250 மில்லி பையில் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் மருந்து 25,000 யூனிட், மணிக்கு 1,200 யூனிட் போகவேண்டும் என்றால் பம்பில் எவ்வளவு வைப்பது? நான் பேப்பரை எடுப்பதற்குள் 12 மில்லி என்று சொல்லிவிடும் ஒரு கறுப்பினப் பெண் இருந்தார். இரண்டு பிள்ளைகள், இரவில் முதியோர் இல்லத்தில் வேலை. இரண்டாம் செமஸ்டரில் ஆளைக் காணோம். கார் பழுதாகி இரண்டு க்ளினிக்கல் நாள், அதாவது ஆஸ்பத்திரிப் பயிற்சி நாள், போய்விட்டது, விதிப்படி அந்தப் பாடத்தில் ஃபெயில்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. அந்தப் பாடம் மறுபடி வர ஒரு வருடம் ஆகும், அதற்குள் கூடப் படித்தவர்கள், நோட்ஸ் கொடுத்தவர்கள், காரில் ஏற்றிக்கொண்டவர்கள் எல்லோரும் முன்னே போய்விடுவார்கள், நானூறு டாலர் ரிப்பேர் ஒரு வருடத்தைத் தின்றுவிடும். அந்தப் பெண் திரும்பி வந்ததற்குக் காரணம் ஒரு பேராசிரியை. போன் செய்து "எப்போது வருகிறாய்?" என்று கேட்டாராம், அவரும் கறுப்பினத்தவர்.

நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 2007-இல் ஏசாப் என்று ஒரு திட்டம் தொடங்கியது. கட்டணத்தில் விழும் துண்டு, புத்தகம், பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் மெட்ரோ கார்டு, அடிக்கடி கூப்பிட்டு விசாரிக்கும் ஆலோசகர், இவ்வளவுதான் கொடுத்தார்கள். ஓர் ஆய்வில், மூன்று வருடத்தில் பட்டம் பெற்றவர்கள் திட்டத்தில் இல்லாதவர்களில் 22 சதவீதம், இருந்தவர்களில் 40. நர்சிங்குக்கென்று வந்ததல்ல, ஆனால் பஸ் பாஸுக்கு என்ன பாடம் என்று தெரியுமா!

அப்புறம் வகுப்பறை. ஆக்சிஜன் குறைந்தால் தோல் நீலமாகும் என்று சொல்லிவிட்டுப் போவது ஒன்று, கறுத்த தோலில் வாய்க்குள்ளும் கண்ணிமையின் உட்புறத்திலும் பார் என்று சேர்த்துச் சொல்வது வேறு. இரண்டாவதைக் கேட்கும் மாணவிக்குத் தன் அம்மாவும் அந்தப் பாடத்தில் இருக்கிறார் என்று தெரியும்.

இரண்டு வருடப் படிப்பென்று இளப்பமாகப் பேசுகிறவர்கள் உண்டு. நான்கு வருடம் படித்தவர் எழுதும் அதே லைசன்ஸ் தேர்வுதான் இவர்களுக்கும்.

உங்கள் நண்பரிடம் ஒன்று கேளுங்கள், அவர் படித்தபோது பீஸ் கட்டியது யார்?