நன்கொடைக்காக மலையில் ஓடுவது: நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

நன்கொடைக்காக நடக்கும் மலை ஓட்டப் போட்டிகளைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று போன வாரம் சொன்னேன், கேள்விகள் குவிந்துவிட்டன. பதினாலு வருசமாக நம்ம பக்கத்து மலைகளில் ஓடுகிறேன். ஒன்பது போட்டிகளில் கடைசி ஆளுக்குப் பின்னால் வரும் ஸ்வீப் வேலை பார்த்திருக்கிறேன், இரண்டு போட்டிகளுக்கு வரவு செலவும் எழுதியிருக்கிறேன். அந்த அனுபவத்தில் இருந்துதான் சொல்கிறேன்.

ஈரோடு, மஞ்சள் மண்டியில் வேலை: அண்ணா, 25 கிலோமீட்டர் மலை ஓட்டத்துக்கு 1,800 ரூபாய் கட்டணம் போட்டிருக்காங்க. குழந்தைங்க படிப்புக்குன்னு போஸ்டர்ல இருக்கு. அதுல நெசமா எவ்வளவு போய்ச் சேரும்?

முழுசும் போகாதுங்க, போகவும் முடியாது. ஆம்புலன்ஸ், டாக்டர், தண்ணீர், சாப்பாடு, மெடல், பனியன், நேரம் பார்க்கும் சிப், காப்பீடு, பொருளை மேலே ஏற்றும் ஜீப் வாடகை எல்லாம் அந்தக் கட்டணத்தில் இருந்துதான். ஊருக்குள் நடக்கும் மாரத்தானில் ஆயிரக்கணக்கில் ஆள் சேர்வதால் செலவு பங்கு போட்டுக் குறைந்துவிடும். மலைப்பாதையில் இருநூறு முந்நூறு பேரைத்தான் விட முடியும், ஆனால் ஆம்புலன்ஸையும் டாக்டரையும் குறைக்க முடியாது, அதனால் தலைக்கு ஆகும் செலவு ஏறிவிடும். நான் முதலில் கணக்கு எழுதிய போட்டியில் விளம்பரதாரர் ஒருவர் கடைசி நேரத்தில் ஒதுங்கிவிட்டார், எல்லாம் போக மிஞ்சியது சொல்லிக்கொள்ளும்படி இல்லை. பள்ளிக்கூடத்துக்குக் கொடுப்பதாகச் சொன்ன தொகையை நாங்கள் ஆளுக்குக் கொஞ்சம் கைக்காசு போட்டுத்தான் கொடுத்தோம். கட்டணத்தில் மிஞ்சினால் நன்கொடை என்பது வேலைக்கு ஆகாது என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

சரியான வழி, கட்டணம் வேறு, நன்கொடை வேறு என்று பிரித்து வைப்பது. ஹாங்காங்கில் 1981-ல் கூர்க்கா சிப்பாய்கள் பயிற்சியாக ஆரம்பித்த ட்ரெயில்வாக்கர் இப்படித்தான் வளர்ந்தது. நாலு பேர் கொண்ட அணி 100 கிலோமீட்டர் மலைப்பாதையை 48 மணி நேரத்துக்குள் கடக்க வேண்டும், ஒவ்வொரு அணியும் தெரிந்தவர்களிடம் நிதி திரட்டி வர வேண்டும். பிற்பாடு ஆக்ஸ்ஃபாம் அதைக் கையில் எடுத்து வேறு நாடுகளுக்கும் கொண்டுபோனது. நம்ம ஊரிலேயே கோவை மாரத்தான் 2013-ல் இருந்து கோயம்புத்தூர் புற்றுநோய் அறக்கட்டளைக்காக நடக்கிறது. பணம் எந்த அமைப்புக்குப் போகிறது, அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று ஓடுகிறவர்களுக்குத் தெரியும். நீங்கள் போகும் போட்டியிலும் எந்த அமைப்பு, போன வருசம் எவ்வளவு கொடுத்தார்கள், ரசீது யார் பெயரில் வரும் என்று கேளுங்கள். தயங்காமல் பதில் வந்தால் போய் ஓடுங்கள். கட்டணத்துக்கு, 80ஜி என்று சொல்லும் நன்கொடை வரிக்கழிவு கிடைக்காது, ஏனென்றால் அதற்குப் பதிலாக நீங்கள் ஒரு சேவை வாங்குகிறீர்கள். தனியாகக் கொடுக்கும் நன்கொடைக்குத்தான் கிடைக்கும், அதுவும் பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அதுவும் இல்லை.

கோவை, ஐடி வேலை: ரேஸ் கோர்ஸ்ல தினமும் ஓடுறேன், ஹாஃப் மாரத்தான் ரெண்டு முடிச்சாச்சு. ஜனவரியில முதல் மலை ஓட்டம், 21 கி.மீ., ஏற்றம் 900 மீட்டர். அதே நேரத்துல முடிச்சிடலாமாங்ணா?

முடியாது அம்மிணி, அந்த நேரத்தை மறந்துவிடுங்கள். மலையில் தூரத்தை விட ஏற்றம்தான் நேரத்தைத் தின்னும். 1892-ல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் மலையில் நடப்பவர்களுக்கு ஒரு கணக்குச் சொன்னார்: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். நீங்கள் ஓடப் போவதால் அதைவிட வேகமாகத்தான் முடிப்பீர்கள், ஆனாலும் 900 மீட்டர் ஏற்றம் என்றால் என்ன என்பது அந்தக் கணக்கில் தெரியும்.

புதுசாக வருகிறவர்கள் எல்லாம் ஏற்றத்துக்குப் பயப்படுகிறார்கள், காலை ஒடிப்பது இறக்கம். இறங்கும்போது முன்தொடைச் சதை நீண்டுகொண்டே உடம்புப் பாரத்தைத் தாங்க வேண்டும், சதையில் நுண்ணிய கிழிசல் விழுவது அப்போதுதான். மறுநாள் படியில் இறங்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்குவீர்களே, அது அந்த வலிதான். அதற்கு மருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிப் பழகுவதுதான். சென்னிமலையில் 1,320 படி இருக்கிறது. வாரம் ஒரு நாள் விடிகாலையில் போய், ஏறும்போது நடந்து, இறங்கும்போது சின்னச் சின்ன அடியாக வைத்து இறங்குங்கள். முதல் வாரம் ஒரு தடவை போதும், ஆறாவது வாரத்தில் மூன்று தடவை. சாமி கும்பிட வருகிறவர்களுக்கு வழி விட்டு ஓடுங்கள், அவர்களுக்கான படி அது. செங்குத்தான இடத்தில் முழங்கால் மேல் கை ஊன்றி நடப்பதில் வெட்கமே வேண்டாம், முன்னணியில் போகிறவர்களும் அங்கே நடக்கத்தான் செய்கிறார்கள்.

கொல்லிமலை: எங்க ஊருக்கு ஒத்தையடிப் பாதைதாங்க. ரெண்டு வருசம் முன்னால ஓட்டப் போட்டி அந்த வழியா விட்டாங்க. அதுக்கப்புறம் பாதை ஓடை மாதிரி ஆயிடுச்சு. மிளகு மூட்டை தூக்கிட்டு இறங்க முடியல. நல்ல காரியத்துக்குன்னாங்க, எங்களுக்கு என்ன நல்லதுங்க?

தம்பி, இந்த ஒரு கேள்விக்காகத்தான் நான் இத்தனையும் எழுதுகிறேன்.

ஒரு போட்டி முடிந்த மறுநாள், இதே மாதிரி ஒரு பாதையில், வழி காட்டக் கட்டியிருந்த ரிப்பனைக் கழற்றப் போனேன். முந்தின வாரம் மழை. ஒரு வளைவில் பாதை வலப்பக்கம் சுற்றி இறங்க வேண்டும், ஆனால் ஓடினவர்கள் பத்தடி மிச்சம் பிடிக்க நேராகவே இறங்கியிருக்கிறார்கள். முதல் நாள் வரைக்கும் அங்கே புல் இருந்தது. இப்போது ஒரு கை அகலத்துக்குச் சிவப்பு மண் வழித்து எடுத்த மாதிரி கிடந்தது, சில்வர் ஓக் மரத்து வேர் ஒன்று தோல் உரிந்து வெள்ளையாகத் தெரிந்தது, பக்கத்தில் எனர்ஜி ஜெல் பாக்கெட்டின் கிழித்த மூலை மட்டும் ஏழெட்டு. பாக்கெட்டைப் பையில் போட்டுக்கொள்கிறார்கள், மூலையை விட்டுவிடுகிறார்கள். அடுத்த மழைக்குத் தண்ணீர் அந்த நேர்வழியைப் பிடித்துக்கொண்டது, மூன்று மாதம் கழித்துப் போனால் முழங்கால் ஆழம் பள்ளம்.

இது எப்படி ஆகிறது என்றால், நடந்து போகிறவர் பாதம் மண்ணில் பதிந்து எழும், ஓடி இறங்குபவர் குதிகாலை ஊன்றிப் பிரேக் போடுகிறார், ஒவ்வொரு ஊன்றலிலும் மேல்மண் கொஞ்சம் சரியும். காய்ந்த மண் தாங்கும், ஈர மண் தாங்காது. சேறு வந்துவிட்டால் பின்னால் வருகிறவர் ஓரமாகப் போவார், பாதை அகலமாகும், ஓரத்துப் புல் சாகும், அதற்கு மேல் தண்ணீர்தான் பாதையை வைத்திருக்கும். அதே முந்நூறு பேர் வருசம் முழுக்கப் பிரிந்து ஓடினால் ஒன்றும் ஆகாது. ஒரே காலையில் மூன்று மணி நேரத்துக்குள் எல்லோரும் மிதிப்பதுதான் கேடு.

உங்களுக்கு நான் சொல்வது இதுதான். அடுத்த தடவை கேட்டு வந்தால், கூட்டம் போட்டு நிபந்தனை வையுங்கள். மழைக்காலமும் அதற்கு அடுத்த சில வாரங்களும் கூடாது, எத்தனை பேர் என்று உச்சவரம்பு வேண்டும், நேர்வழியில் குறுக்கே இறங்கினால் போட்டியில் இருந்து நீக்க வேண்டும், பாதையைச் சரி செய்யும் பணத்தை முன்பணமாக ஊர்ப் பொதுவில் கட்டிவிட்டுத்தான் ரிப்பன் கட்ட வேண்டும். நான்காவதை விட்டே கொடுக்காதீர்கள். சேலத்தில் ஒரு விடுதிக்கும் கோவையில் ஒரு ஆஸ்பத்திரிக்கும் பணம் போவது நல்லதுதான், ஆனால் பாரம் சுமந்த மலைக்கு முதல் பங்கு போன பிறகுதான் மற்றவர்களுக்கு.

திருப்பூர்: நாங்க பனியன் கம்பெனி வெச்சிருக்கோம், போட்டிக்கெல்லாம் டீ சர்ட் அடிச்சுத் தர்றோம். நீங்க டீ சர்ட் வேண்டாம்னு பேசுறீங்களாமே?

வேண்டாம் என்று சொல்லவில்லைங்க, வேண்டும் என்கிறவருக்கு மட்டும் தனி விலையில் கொடுங்கள் என்கிறேன். என் பீரோவில் 31 பனியன் இருக்கிறது, போடுவது ஐந்து. மிச்சமாகும் காசு பாதைக்குப் போகட்டும். உங்களுக்கு ஆர்டர் குறைந்தாலும் வாங்குகிறவர் விரும்பி வாங்குவார், நல்ல துணியில் தைக்கலாம்.

பொள்ளாச்சி: ஆனைமலைப் பக்கம் இவ்வளவு அருமையான காடு இருக்கு, நன்கொடைக்குன்னு சொல்லியும் வனத்துறை அனுமதி தர மாட்டேங்குது. ஏன் இவ்வளவு கெடுபிடி?

2018 மார்ச்சில் தேனி குரங்கணியில் காட்டுத்தீயில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். அந்தக் குழுவில் ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்துப் பிள்ளைகளும் இருந்தார்கள், நம்ம வீடுகளில் இன்னும் ஆறாத துக்கம் அது. அதற்குப் பிறகு விதிகள் இறுகின, இறுகவும் வேண்டும். 2024 அக்டோபரில் ட்ரெக் தமிழ்நாடு என்று 40 பாதைகளை வழிகாட்டியோடு நடப்பதற்குத் திறந்துவிட்டார்கள், ஆனால் வழிகாட்டியோடு நடப்பது வேறு, நூற்றுக்கணக்கானவர்கள் ஓடுவது வேறு.

ஆனைமலை புலிகள் காப்பகம். சத்தியமங்கலம் காட்டில் திம்பம் சாலையில் 2022-ல் இருந்து இரவில் வண்டிக்கே தடை என்றால், அந்த நேரம் யாருடையது என்று யோசித்துப் பாருங்கள். போட்டியெல்லாம் விடிகாலை ஐந்தரைக்கு ஆரம்பிக்கிறது, யானை தண்ணீர் குடித்துவிட்டுக் காட்டுக்குத் திரும்புகிற நேரம் அது. உண்ணிச்செடி மண்டின பாதையில் பத்தடிக்கு அப்பால் நிற்கும் யானை கண்ணுக்குத் தெரியாது, நடப்பவருக்கு வாசனையும் கிளை ஒடியும் சத்தமும் எட்டும், காதில் பாட்டு ஓட மூச்சிரைக்க ஓடுபவருக்கு எட்டாது. எஸ்டேட் சாலை, பட்டா நிலம், கிராமத்துப் பாதை இவற்றிலேயே நல்ல தடம் அமைக்கலாம். காட்டை அதன் போக்கில் விட்டுவிடுவோம்.

நாமக்கல்: நாங்க நாலஞ்சு பேர் வாராவாரம் சும்மா மலை ஏறி ஓடிட்டு இருந்தோம். இப்ப எல்லாரும் போட்டி, மெடல்னு ஆயிட்டாங்க. இந்தப் போட்டிங்க மலை ஓட்டத்தைக் கெடுத்துடுச்சுன்னு எனக்குப் படுது. நீங்க என்ன நினைக்கிறீங்க?

உங்கள் வருத்தம் எனக்கும் உண்டு அண்ணா. ஆனால் பாதி மட்டும்தான் ஒத்துக்கொள்வேன். நான் ஆரம்பித்தபோது மலையில் ஓடும் பெண் ஒருவரைக்கூடப் பார்த்ததில்லை. இன்றைக்கு ஸ்வீப்பாக வரும்போது ஐம்பது வயது அக்காக்களோடு பேசிக்கொண்டே இறங்குகிறேன். ஒரு டீச்சரம்மா சொன்னார், மலையில் ஓடப் போகிறேன் என்றால் வீட்டில் விடமாட்டார்கள், புற்றுநோய்க்காக ஓடுகிறேன் என்றதும் மாமியாரே புளிச்சாதம் கட்டிக் கொடுத்தாராம். நன்கொடை என்ற ஒரு சொல்லால் அப்படிப் பல வீடுகளின் கதவு திறந்தது, அதை நாம் குறைத்துப் பேசக் கூடாது.

கெட்டது எது என்றால், மலையை வருசத்துக்கு ஒரு நாள் வந்து போகிற மைதானமாகப் பார்க்கும் பழக்கம். அமெரிக்காவில் வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் என்று 100 மைல் ஓட்டம் இருக்கிறது. 1974-ல் குதிரைப் பந்தயத் தடத்தில் ஒருவர் குதிரை இல்லாமல் தன் காலால் ஓடி 24 மணி நேரத்துக்குள் முடித்ததில் பிறந்த போட்டி. அதில் ஓட வேண்டும் என்றால் எட்டு மணி நேரம் பாதை வேலையோ, போட்டிகளில் தொண்டு வேலையோ செய்திருக்க வேண்டும், இல்லை என்றால் நம்பர் அட்டை கிடையாது. நம்மிடம் பாதை வேலைக்கு அப்படி ஒரு விதி வந்தால் போதும், உங்கள் பழைய கூட்டாளிகள் மாதிரி ஆட்கள் தானாகத் திரும்பி வருவார்கள். மண்வெட்டியோடு ஒரு நாள் அந்தப் பாதையில் நின்றவன் மறுபடி குறுக்கே இறங்க மாட்டான்.

சேலம்: என் பையனுக்கு 17 வயசு, ஏற்காட்டுப் பக்கம் 30 கி.மீ. ஓடணும்கிறான். அனுப்பலாமா?

இந்த வருசம் 10 கிலோமீட்டருக்கு அனுப்புங்கள் அக்கா, 30 எங்கேயும் ஓடிப்போகாது. எந்த வயதானாலும் மெல்லிய மழைச் சட்டை ஒன்று, விசில், சார்ஜ் உள்ள போன் இல்லாமல் மேலே விடாதீர்கள். 2021 மே மாதம் சீனாவின் கான்சு மாகாணத்தில் 100 கிலோமீட்டர் மலை ஓட்டத்தில் திடீரென்று குளிர்காற்றும் மழையும் அடித்து 21 பேர் இறந்தார்கள், அதில் பேர்பெற்ற ஓட்டக்காரர்களும் உண்டு, பலர் அரைக்கால் சட்டையும் மெல்லிய பனியனுமாக இருந்தார்கள். சேர்வராயன் மலையில் அந்த அளவுக்குக் குளிர் வராது, ஆனால் வியர்த்த உடம்போடு மழையில் நனைந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் நடுக்கம் வந்துவிடும்.

பவானி: வழியில் என்ன சாப்பிடுவது?

கடலை மிட்டாய், உப்புப் போட்ட மோர், வாழைப்பழம். பயத்தில் வெறும் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்காதீர்கள், உப்புச்சத்து நீர்த்துப்போய்த் தலை சுற்றும், முற்றினால் உயிருக்கே ஆபத்து. தாகத்துக்குக் குடியுங்கள்.

கோபி: எங்க ஊர் அரசுப் பள்ளிக்குக் கழிவறை கட்டணும். சின்னதா ஒரு மலை ஓட்டம் நடத்தலாம்னு இருக்கோம், எங்கே இருந்து ஆரம்பிக்கிறது?

பள்ளியில் இருந்து இல்லை, பாதையில் இருந்து ஆரம்பியுங்கள். தடத்தை முடிவு செய்யும் முன் மழை நாளில் ஒரு தடவை அதில் நடந்து பாருங்கள், தண்ணீர் எங்கே ஓடுகிறது என்று தெரியும், அந்த இடங்களைத் தவிர்த்துவிடுங்கள். அந்த வழியில் தினமும் மாடு ஓட்டிப் போகிறவர் யார், விறகு எடுப்பவர் யார் என்று கேட்டு முதலில் அவர்களிடம் பேசுங்கள், அப்புறம் ஊராட்சி, காவல் நிலையம், பக்கத்தில் காடு இருந்தால் வனத்துறை. முதல் வருசம் நூறு பேருக்கு மேல் வேண்டாம். மெடலை விட்டுவிடுங்கள். கழிவறைக்கு ஆகும் தொகையை எஸ்டிமேட்டோடு எழுதி ஒட்டி, ஓட வருகிற ஒவ்வொருவரும் அதற்கெனத் தனியாகத் திரட்டி வரட்டும். போட்டிக்கு முந்தின ஞாயிறு எல்லோரும் பாதை வேலைக்கு வர வேண்டும், வந்தவர்களுக்கு அங்கேயே நம்பர் அட்டையைக் கொடுங்கள். கணக்கை ஒரு மாதத்துக்குள் பள்ளிச் சுவரில் ஒட்டுங்கள், பஞ்சர் ஒட்டின காசு உட்பட.

தேதி முடிவானதும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். ஸ்வீப்பாக நான் வருகிறேன், குப்பை எடுக்கக் கோணிப்பையும் நானே கொண்டு வந்துவிடுவேன்.