கண்ணாடியா, லென்ஸா, லேசரா? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

நான் ஆப்டோமெட்ரிஸ்ட். பவர் பார்ப்பது, லென்ஸ் போடக் கற்றுத்தருவது, லேசருக்கு முன்னால் ஸ்கேன் எடுப்பது என் வேலை. அறுவை சிகிச்சையை முடிவு செய்வது டாக்டர். அதனால் உங்கள் கண்ணைப் பார்க்காமல் "செய்துகொள்ளுங்கள்" என்று யாருக்கும் சொல்ல மாட்டேன். டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும் என்று சொல்கிறேன்.

கேள்வி: வயது 24, இரண்டு கண்ணிலும் மைனஸ் 3.5. தினமும் பைக்கில் ஒரு மணி நேரம், மீதி நேரமெல்லாம் ஏசி அறையில் கம்ப்யூட்டர். எனக்கு எது சரி?

தம்பி, உங்கள் அன்றாடத்தைப் பார்த்தால் லென்ஸ் கடைசியில்தான் வரும். திரையைப் பார்க்கும்போது கண் சிமிட்டுவது குறையும், ஏசி மீதி ஈரத்தையும் உறிஞ்சிவிடும். காய்ந்த கண்ணில் லென்ஸ் உறுத்தும். பைக்கில் போகும்போது தூசி லென்ஸுக்கு அடியில் புகுந்தால் வண்டியை ஓரங்கட்டத்தான் வேண்டும்.

லேசருக்கு மைனஸ் 3.5 வசதியான பவர். ஆனால் கடந்த ஒரு வருடமாவது பவர் மாறாமல் இருந்திருக்க வேண்டும். பழைய கண்ணாடிச் சீட்டுகளைத் தேடி எடுங்கள். அரை பாயின்ட்டுக்கு மேல் ஏறியிருந்தால் இன்னும் ஒரு வருடம் கண்ணாடியோடு இருப்பதே நல்லது. கண்ணில் வறட்சி இருக்கிறதா என்றும் முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். லேசருக்குப் பிறகு சில மாதங்களுக்கு அது கூடும்.

கேள்வி: மைனஸ் 7.5, கார்னியா தடிமன் 495 மைக்ரான். ஒரு மருத்துவமனையில் லேசிக் செய்யலாம் என்கிறார்கள், இன்னொன்றில் கூடாது என்கிறார்கள். யாரை நம்புவது?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். கார்னியா என்பது கண்ணின் முன்பக்கம் உள்ள தெளிவான படலம். லேசிக் என்ற லேசர் சிகிச்சையில் முதலில் அதன் மேல் ஒரு மெல்லிய மூடியை வெட்டித் திறப்பார்கள். அது சுமார் 110 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்). அதற்கு அடியில், ஒரு பவருக்கு ஏறத்தாழ 15 மைக்ரான் வீதம் லேசர் எடுக்கும். உங்களுக்கு 112 வரும். 495இல் இரண்டையும் கழித்தால் மிச்சம் 273. குறைந்தது 250 இருக்க வேண்டும் என்பது நெடுநாள் வழக்கம், 300ஆவது வேண்டும் என்பது பல டாக்டர்களின் கட்சி. ஒரே ரிப்போர்ட்டுக்கு இரண்டு பதில் வந்தது அதனால்தான்.

கார்னியா அளவுக்கு மீறி மெலிந்தால், கண்ணுக்குள் இருக்கும் அழுத்தம் தாங்காமல் மெல்ல முன்னால் பிதுங்க ஆரம்பிக்கலாம். அந்த நிலைக்குப் போனால் கண்ணாடி போட்டாலும் தெளிவாகத் தெரியாது. என் வீட்டுப் பிள்ளைக்கு இந்த எண்கள் வந்திருந்தால் நான் "கூடாது" என்றவர் பக்கம்தான் நிற்பேன்.

தடிமனைவிட முக்கியமானது கார்னியாவின் வடிவம். அந்த வடிவத்தைப் படமெடுக்கும் டோப்போகிராபி ஸ்கேனில் கீழ்ப்பகுதி மட்டும் அதிகமாக வளைந்து தெரிந்தால், கார்னியா மெலிந்து கூம்பு போலப் பிதுங்கும் கெரட்டோகோனஸ் நோயின் ஆரம்பமாக இருக்கலாம். அதற்கு லேசிக் ஆகவே ஆகாது. கண்ணைக் கசக்கும் பழக்கம் இருந்தாலும், சிலிண்டர் பவர் (கார்னியாவின் வளைவு சீராக இல்லாததால் வரும் பவர்) வருடா வருடம் ஏறினாலும் மறைக்காமல் சொல்லுங்கள். ஸ்கேன் படத்தைத் திரையில் காட்டி விளக்கச் சொல்லுங்கள். படத்தைக் காட்டாமல் ஆஃபர் விலையைப் பற்றியே பேசினால் எழுந்து வந்துவிடுங்கள். எந்த மெஷின் என்பதைவிட இந்தப் பரிசோதனைதான் உங்கள் கண்ணைக் காப்பாற்றும்.

உங்களைப் போன்றவர்களுக்கு ஐசிஎல் என்று ஒரு வழி இருக்கிறது. கண்ணின் இயற்கை லென்ஸுக்கு முன்னால் ஒரு மெல்லிய லென்ஸைப் பொருத்துவார்கள். கார்னியாவைச் செதுக்குவதில்லை, தேவைப்பட்டால் வெளியே எடுத்துவிடலாம். செலவு அதிகம், கண்ணுக்குள் போதிய இடம் வேண்டும், கண்புரையும் கண் அழுத்தமும் வருகிறதா என்று தொடர்ந்து பார்க்க வேண்டும். மைனஸ் பவர் அதிகமான கண் பொதுவாக நீளமாக இருக்கும், உள்ளே விழித்திரையும் இழுபட்டிருக்கும். எதைச் செய்தாலும் அந்த நீளம் மாறாது. அதனால் வருடம் ஒரு முறை சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்ப்பதை நிறுத்தாதீர்கள்.

கேள்வி: லேசர் என்றால் சூடுதானே? கண் வெந்துவிடாதா?

வேகாது. இதில் பயன்படுவது 193 நானோமீட்டர் புற ஊதாக் கதிர். அது திசுவின் மூலக்கூறுப் பிணைப்புகளை உடைத்துப் பெயர்த்தெடுக்கும், பக்கத்துத் திசுவுக்குச் சூடு பரவாது. இதைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்த ரங்கசாமி ஸ்ரீனிவாசன். 1981 நவம்பரில், நியூயார்க் மாநிலத்தில் உள்ள ஐபிஎம் ஆய்வகத்துக்கு, அமெரிக்கர்களின் நன்றி நவிலல் விருந்தில் மிஞ்சிய வான்கோழியைக் கொண்டுபோனார். அதன் குருத்தெலும்பில் இந்த லேசரைச் செலுத்தியபோது, ஓரம் கருகாமல் சுத்தமாகப் பள்ளம் விழுந்தது. ஜேம்ஸ் வின், சாமுவேல் ப்ளம் இருவரும் அவருடன் சேர்ந்து வேலை செய்தவர்கள்.

சிகிச்சையின்போது தீய்ந்தாற்போல ஒரு வாசனை வரலாம். பெயர்ந்து பறக்கும் துகள்களின் வாசனைதான் அது. பயந்து தலையை ஆட்டிவிடாதீர்கள்.

கேள்வி: இரண்டு மாதத்தில் கல்யாணம். கண்ணாடி இல்லாமல் மேடையில் நிற்க ஆசை. லேசரா, லென்ஸா?

வாழ்த்துகள் தங்கச்சி. தேதி நெருங்கிவிட்டது என்பதற்காக லேசருக்கு அவசரப்பட வேண்டாம். தினமும் புதிது போட்டு இரவில் எறியும் லென்ஸை வாங்கி, இப்போதே போட்டுப் பழகுங்கள்.

நலங்கு அன்றைக்கு லென்ஸ் வேண்டாம், எண்ணெயும் மஞ்சளும் ஒட்டினால் போகாது. முகூர்த்தத்தன்று சோப்புப் போட்டுக் கை கழுவி, துடைத்து, முதலில் லென்ஸ், அப்புறம் மேக்கப். கழற்றும்போதும் லென்ஸ்தான் முதலில். கண்மையை இமையின் உள்விளிம்பில் இழுக்கச் சொல்லாதீர்கள். ஹோமப் புகையில் கண் எரிந்தால் கசக்கக் கூடாது. தோழியின் கைப்பையில் இன்னொரு ஜோடி லென்ஸும் உங்கள் கண்ணாடியும் இருக்கட்டும். எவ்வளவு அசதியாக இருந்தாலும் லென்ஸோடு மட்டும் தூங்கிவிடாதீர்கள்.

கேள்வி: சொல்யூஷன் தீர்ந்துவிட்டால் ஆர்ஓ தண்ணீரில் லென்ஸைக் கழுவலாமா?

கூடவே கூடாது. குழாய்த் தண்ணீர், கேன் தண்ணீர், காய்ச்சி ஆறிய தண்ணீர், எதுவும் வேண்டாம். தண்ணீரில் அகாந்தமீபா என்ற நுண்ணுயிர் இருக்கலாம். லென்ஸோடு ஒட்டிக்கொண்டு அது கார்னியாவுக்குள் இறங்கினால் மாதக்கணக்கில் சிகிச்சை, பார்வையே போகவும் வாய்ப்புண்டு. குளிக்கும்போதும் நீந்தும்போதும் லென்ஸைக் கழற்றச் சொல்வது இதற்காகத்தான். சொல்யூஷன் இல்லாத அன்றைக்குக் கண்ணாடி போடுங்கள். லென்ஸ் போடுபவர்கள் எல்லோரிடமும் சரியான பவரில் ஒரு கண்ணாடி இருக்கத்தான் வேண்டும்.

கண் சிவந்து வலித்தால், வெளிச்சம் பார்க்கக் கூசினால், லென்ஸைக் கழற்றிவிட்டு அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். அந்த லென்ஸையும் டப்பாவையும் தூக்கிப் போடாமல் கொண்டுபோங்கள். அதில் சோதித்தும் கிருமியைக் கண்டுபிடிக்கலாம்.

கேள்வி: மகளுக்கு 15 வயது, மைனஸ் 4. வகுப்பில் கேலி செய்கிறார்கள் என்று அழுகிறாள். இப்போதே லேசர் செய்துவிடலாமா?

முடியாது அக்கா. வளரும் வயதில் பவரும் ஏறும், இன்று செய்தால் மறுபடியும் கண்ணாடி வரும். குறைந்தது 18 ஆகட்டும், பவரும் நிற்கட்டும். பவர் வேகமாக ஏறுகிறது என்றால், அதைக் குறைக்கும் அட்ரோபின் சொட்டும் தனி வகைக் கண்ணாடிகளும் இருக்கின்றன, கண் டாக்டரிடம் கேளுங்கள். கை கழுவி, சுத்தமாகப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு இருந்தால் லென்ஸும் போடலாம். ஆனால் முதலில் வகுப்பாசிரியரிடம் பேசுங்கள். ஃபிரேமையும் அவளே தேர்ந்தெடுக்கட்டும்.

கேள்வி: ரயில்வே தேர்வுக்குப் படிக்கிறேன். லேசிக் செய்தால் பாதிக்குமா?

அசிஸ்டன்ட் லோகோ பைலட் வேலைக்கு லேசிக் செய்தவர்களை எடுப்பதில்லை. மற்ற வேலைகளுக்கும் அறிவிப்பில் உள்ள மருத்துவத் தகுதிப் பகுதியை வரிவிடாமல் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

கேள்வி: இன்ஷூரன்ஸில் பணம் கிடைக்குமா?

நம் நாட்டு மருத்துவக் காப்பீட்டில், பவர் 7.5க்குக் குறைவாக இருந்தால் பொதுவாகக் கிடைக்காது.

கேள்வி: வயது 44. தூரத்துக்கு மைனஸ் 2, இப்போது கண்ணாடியோடு படிக்கவும் கஷ்டம். லேசர் செய்தால் இரண்டும் போய்விடுமா?

சார், படிக்க முடியாமல் போவது வெள்ளெழுத்து. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் விறைத்துப்போவதால் வருவது. கார்னியாவில் செய்யும் லேசர் அந்த விறைப்பை மாற்றாது. தூரத்தைச் சரிசெய்துவிட்டால், இப்போது கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பேப்பர் படிக்கிறீர்களே, அந்த வசதியும் போய்விடும். ஒரு கண்ணைத் தூரத்துக்கும் இன்னொன்றைக் கிட்டத்துக்கும் வைக்கும் முறை உண்டு. ஆனால் எல்லோருக்கும் ஒத்துவராது. முதலில் அதே அளவில் லென்ஸ் போட்டு சில நாள் இருந்து பாருங்கள்.

கேள்வி: லேசர் செய்து பல வருடம் ஆகிவிட்டது. பழைய ரிப்போர்ட்டைத் தூக்கிப் போடலாமா?

போடாதீர்கள். பிற்காலத்தில் கண்புரை வந்தால், உள்ளே வைக்கும் லென்ஸின் பவரைக் கணக்கிட லேசருக்கு முந்தைய அளவுகள் உதவும். லேசர் செய்த கண்ணில் அந்தக் கணக்கு சிக்கலானது. போட்டோ எடுத்து மெயிலில் வைத்துக்கொள்ளுங்கள், வீட்டில் ஒருவருக்கும் அனுப்பிவையுங்கள். உங்களிடம் இல்லையென்றால் செய்த மருத்துவமனையில் இப்போதே கேட்டு வாங்கிவிடுங்கள்.